தம்பிக்குத் தெரியாம குடியை நிறுத்துற மாத்திரை குடுக்கலாமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

தம்பிக்கு 38 வயசு. கும்பகோணம் பக்கம் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கான். நல்ல வேலைக்காரன். ஆனா காலையில கண்ணு முழிச்சதும் கை நடுங்குது. ஒரு கட்டிங் உள்ள போனாதான் ராடு பிடிக்க முடியுது. ராத்திரிக்கு ஒரு குவார்ட்டர், சில நாள் ஆஃப். முன்னாடி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துல சேர்த்தோம். தூங்கிட்டு இருந்தவனை நாலு பேர் வந்து வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. மாசக்கணக்கா போன்ல கூட பேச விடல. வெளிய வந்த வாரமே ஆரம்பிச்சிட்டான். இப்ப எங்க யாரையும் அவன் நம்புறதில்ல.

போன கார்த்திகையில சபரிமலைக்கு மாலை போட்டான். ரெண்டாம் நாள் ராத்திரி சுவத்துல பூச்சி ஊருதுன்னு துடைப்பத்தால அடிச்சுக்கிட்டே இருந்தான். விடிய விடிய வேர்த்துக் கொட்டுது, எங்க யாரையும் அடையாளம் தெரியல. சாமி குத்தம்னு அம்மா அழுதாங்க. மாலையைக் கழட்டி, மறுபடி குடிச்சதும் தெளிஞ்சிட்டான்.

இப்ப அவன் மாமியார் வீட்டுல ஒரு யோசனை. ருசி, மணம் இல்லாத மாத்திரையாம், பொடி பண்ணி சாம்பார்ல போட்டா குடியே வெறுத்துடுமாம். "நோயாளிக்குத் தெரியாமலே"ன்னு ஆன்லைன்ல விளம்பரம் வேற. யாராவது குடுத்திருக்கீங்களா? "மனசு வெச்சா முடியும்" மாதிரி அறிவுரை வேண்டாம், நிறைய கேட்டாச்சு. ஆராய்ச்சி இருந்தா சொல்லுங்க. நான் கணக்கு டீச்சர், எண்ணைச் சொன்னா புரியும்.

மருந்துக்கடை_நெல்லை:
அக்கா, வேண்டாம். கைகூப்பிச் சொல்லுதேன்.

அந்த மாத்திரை பேரு டைசல்ஃபிராம். சாராயம் உடம்புக்குள்ள போனா முதல்ல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு நஞ்சா மாறும், பிறகு கல்லீரல் அதையும் உடைச்சிரும். இந்த மாத்திரை அந்த ரெண்டாவது வேலையைத் தடுத்துப்போடும். நஞ்சு அப்படியே தேங்கும். முகம் செவக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாந்தி, பிரஷர் சரசரன்னு இறங்கும். இருதயக் கோளாறு இருந்தா உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அந்தத் தடை உடம்புல இருக்கும்.

எங்க கடைக்கு ஒரு நாள் ஒரு அம்மா ஓடி வந்தாங்க. வீட்டுக்காரருக்கு ஃபுட் பாய்சன், வாந்தி மாத்திரை தாங்கன்னு. என்ன சாப்பிட்டாருன்னு கேட்டா மென்னு முழுங்குதாங்க. கடைசில முந்தானை முடிச்சை அவுத்து அட்டையை எடுத்துக் காட்டினாங்க, நாலு மாத்திரை காலி. அட்டையையும் கையில கொடுத்து ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைச்சிட்டாரு. அந்த அட்டை இல்லேன்னா அங்க டாக்டருக்குக் காரணமே பிடிபட்டிருக்காது.

இன்னொண்ணு. தெரிஞ்சு சாப்பிடுறவனுக்கு நாங்க சொல்லிக் கொடுப்போம்: இருமல் டானிக்ல ஆல்கஹால் இருக்கும் பாத்துக்கோ, அரிஷ்டம் குடிக்காதே (தசமூலாரிஷ்டத்துல ஊறும்போதே சாராயம் உண்டாயிரும்), வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல் போடாதே, அது ரெண்டும் சேர்ந்தா சித்தம் கலங்கலாம். தெரியாம சாப்பிடுறவனுக்கு இதை யாரு சொல்லுவா? விளம்பரப் பொடியிலயோ என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

எண்ணும்_எழுத்தும்:
நெல்லைக்காரர் சொன்னது ஆபத்துப் பக்கம். பலன் பக்கத்தையும் பார்ப்போம், ஏனென்றால் டைசல்ஃபிராம் உதவாக்கரை மருந்து அல்ல.

1948இல் டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் இதைக் குடிக்கு மருந்தாக அறிவித்தார்கள். வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடி, தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்தியதில் கண்டுபிடித்தது. ரொம்ப காலம் சரியான சோதனை இல்லாமலே ஓடியது. 1986இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு அளவு 250 மில்லிகிராம், இன்னொன்றுக்கு வெறும் 1 மில்லிகிராம், மூன்றாவதற்கு அதுவும் இல்லை. ஓராண்டு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்தவர்கள் எண்ணிக்கையில் மூன்று பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெரும்பாலானோர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவே இல்லை.

2004இல் மும்பையில் இன்னொரு சோதனை. 100 ஆண்கள், எல்லாருக்கும் வீட்டில் ஒரு ஆள் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும். ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்கவில்லை, குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையை எடுத்தவர்களில் 44 சதவீதம். யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். அதனால் 86 என்பதை நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் திசை தெளிவு.

டீச்சர், இதில் கவனிக்க வேண்டியது: யாருக்கு எந்த மாத்திரை என்று மறைத்துச் செய்த சோதனைகளில் டைசல்ஃபிராம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாகத் தேறுவதில்லை. காரணம், இரண்டு பிரிவினருமே "குடித்தால் செத்தோம்" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம்தான் பாதுகாப்பு. தெரியாமல் கொடுத்தால் பயம் போய்விடும், நஞ்சு மட்டும் மிஞ்சும். சாம்பாரில் போட்டால் வேலை செய்யும் என்பதற்கு இங்கே அடிப்படையே இல்லை.

வார்டு_அக்கா:
டீச்சரம்மா, அந்த மாலை போட்ட ராத்திரி சாமி குத்தம் இல்ல. டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு. தினமும் குடிச்சவங்க சட்டுனு நிறுத்துனா ஆறு, எட்டு மணி நேரத்துல நடுக்கம் ஆரம்பிக்கும். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள், மூணாம் நாள்ல இந்த மாதிரி பூச்சி, பாம்பு, ஆளுங்க தெரியும். கார்த்திகையில எங்க வார்டுல இப்படி ஆளுங்க வராம இருக்கவே மாட்டாங்க, கருப்பு வேட்டியோட. 2020 ஊரடங்குல மதுக்கடையெல்லாம் மூடுனப்ப பெங்களூரு மருத்துவமனைகள்ல இந்தக் கேஸு கிட்டத்தட்ட ரெட்டிப்பாச்சுன்னு அங்க இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரங்க எழுதியிருக்காங்க.

அன்னைக்கு அவர் மறுபடி குடிச்சதால தெளிஞ்சாரு. குடிக்காம வீட்டுலயே வெச்சிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. சிகிச்சை குடுத்தா இன்னைக்கு நூத்துக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் சாவு. குடுக்கலேன்னா பழைய காலத்துல மூணுல ஒருத்தர் வரைக்கும் போயிருக்காங்க.

அதனால ஒரு தடவை இப்படி வந்தவர் அடுத்த தடவை நிறுத்துறது ஆஸ்பத்திரியில வெச்சுத்தான். வீட்டுல, கோயில்ல, பூட்டி வெச்ச ரூம்ல வேண்டாம்.

அப்புறம் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒண்ணு. குடிச்சு சாப்பிடாம கிடந்தவரைத் தூக்கிட்டு வருவாங்க, தெருமுனை கிளினிக்குல "வீக்கா இருக்காரு"ன்னு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தியிருப்பாங்க. உடம்புல தயமின், அதான் பி1, சுத்தமா இருக்காது. அந்த நிலைமையில குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-ம் கரைஞ்சு மூளையே பாதிக்கும். வெர்னிக்கேன்னு சொல்லுவாங்க. குழப்பம், கண்ணு ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும். மூணும் சேர்ந்து தெரியிறது நூத்துல 16 பேருக்குத்தான்னு பிரேதப் பரிசோதனையில பார்த்திருக்காங்க, மத்தவங்களை "போதை"ன்னு விட்டுடுறாங்க. அப்புறம் ஞாபகமே நிக்காத ஆளாயிடுவாங்க, சாப்பிட்டதை அஞ்சு நிமிஷத்துல மறந்து மறுபடி சாப்பாடு கேப்பாங்க. முதல்ல தயமின் ஊசி, அப்புறம் குளுக்கோஸ். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "குடிக்கிறவர், பி1 போட்டாச்சா"ன்னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

தெளிந்தவன்:
நானும் குடிநோயாளிதான், இப்ப குடிக்கிறதில்ல. மாத்திரை, ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தவன். எனக்குக் கைகொடுத்தது ஏஏ கூட்டம் மட்டும்தான், அதான் குடியை விட்டவங்களே ஒருத்தருக்கொருத்தர் துணையா உக்காந்து பேசுற கூட்டம். குடிச்சவன் சொன்னாத்தான் குடிக்கிறவன் காதுல ஏறும். கோட்டு போட்டவங்க எண்ணிக்கை போட்டுட்டே இருக்கட்டும். கும்பகோணம், தஞ்சாவூர்ல கூட்டம் நடக்குது. தம்பியைக் கூட்டிட்டு வாங்க, காசு கிடையாது.

எண்ணும்_எழுத்தும்:
தெளிந்தவன் அண்ணே, எண்ணிக்கை உங்கள் பக்கமும் பேசுகிறது, விரட்டாதீர்கள். 2020இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ பக்கம் முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் ஓராண்டில் முழுதாக நிறுத்தியவர்கள் 42 சதவீதம், வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35. இலவசமாக நடக்கிற ஒன்றுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒப்பீடு ஏஏவுக்கும் மற்ற பேச்சு சிகிச்சைகளுக்கும் இடையில். மாத்திரையைத் தோற்கடித்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மாத்திரைக் கணக்கு தனி. 2023இல் 118 சோதனைகளைத் தொகுத்து வந்த ஆய்வு: குடி ஆசையைத் தணிக்கும் இன்னொரு மாத்திரையான அகாம்ப்ரோசேட்டை 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் குடிக்காமல் இருக்கிறார். நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் 18 பேருக்கு ஒருவர். மொடாக் குடிக்குத் திரும்பாமல் தடுப்பதை மட்டும் எடுத்தால் நால்ட்ரெக்ஸோனுக்கும் 11.

காவிரிக்கரை:
பதினொண்ணுல ஒண்ணா! இதுக்காடா இத்தனை ஆராய்ச்சி? லாட்டரியில இதைவிட நல்லா விழும் போல. மன்னிக்கணும், நேத்து ராத்திரி மறுபடி சண்டை. அவன் பொண்ணு எங்க வீட்டுல வந்து படுத்துருக்கு.

மனநலம்_மதுரை:
டீச்சர், கணக்கிலேயே பதில் சொல்கிறேன். பதினொன்றில் ஒருவர்தான் தேறுவார் என்று அதற்குப் பொருள் அல்ல. வெற்று மாத்திரை வாங்கியவர்களிலும் சிலர் ஆலோசனையால், குடும்பத்தால், தன் முயற்சியால் நிறுத்தியிருப்பார்கள். அவர்களையெல்லாம் கழித்த பிறகு, மருந்தால் மட்டும் கூடுதலாகக் கிடைப்பவர் அந்த ஒருவர். ஒரு பக்கவாதத்தைத் தடுக்க ரத்த அழுத்த மாத்திரையை இதைவிட அதிகம் பேருக்கு, வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் லாட்டரி என்பதில்லை.

எந்த மாத்திரை என்பது கல்லீரலைப் பார்த்துத்தான் முடிவாகும். என்சைம்கள் மிகவும் ஏறியிருந்தால் டைசல்ஃபிராமும் நால்ட்ரெக்ஸோனும் தள்ளிப்போகும். அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். கல்லீரல் சுருங்கியே போயிருந்தால் பாக்லோஃபென் ஒரு வழி. இத்தாலியில் அடொலொராட்டோ குழு 2007இல் இப்படிக் கல்லீரல் சுருங்கிய (சிரோசிஸ்) நோயாளிகள் 84 பேரிடம் சோதித்தது. பாக்லோஃபென் எடுத்த 42 பேரில் 30 பேர் நிறுத்தினார்கள், வெற்று மாத்திரை எடுத்த 42 பேரில் 12 பேர். நடுக்கத்துக்குப் போடும் மருந்துகூட அப்படித்தான். கல்லீரல் கெட்டவருக்குக் குளோர்டையஸெபாக்ஸைடு தேங்கிவிடும் என்பதால் லோராசெபாமுக்கு மாறுவோம்.

அடுத்தது, அந்த மையம். ஆளைத் தூக்கிப்போய் அடைத்து வைப்பது சிகிச்சை அல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளும் அடக்கம். மையம் நடத்தப் பதிவு வேண்டும், நோயாளிக்குத் தொலைபேசி உரிமை உண்டு, சங்கிலி போடுவது தடை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மருந்துப் பாதுகாப்பு இல்லாமல் திரும்பத் திரும்பத் திடீரென நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாகிக்கொண்டே போகும். 1978இல் பாலஞ்சர், போஸ்ட் இருவரும் எழுதியது இன்றும் வார்டில் கண்ணால் பார்க்கிற விஷயம். அடைத்து நிறுத்து, வெளியே விடு, மறுபடி அடை என்கிற சுற்று ஆளை மோசமாக்குகிறது.

ஏய்ம்ஸ் நடத்தி 2019இல் வந்த தேசியக் கணக்கெடுப்புப்படி மதுவுக்கு அடிமையான நிலையில் இருப்பவர்கள் சுமார் 2.9 கோடி. அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர். மாத்திரை பதினொன்றில் ஒன்றா என்ற சண்டைக்கு வருவதற்கு முன்பே 37 பேர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. 14446 இலவச எண்ணில் பேசியும் அருகில் எது என்று கேட்கலாம்.

ஆலோசகர்_சேலம்:
டாக்டர் சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா தம்பி வர மாட்டேங்கிறாரே, அதுக்கு என்ன? டீச்சரோட உண்மையான கேள்வி அதுதானுங்க. வர வைக்க முடியாததால தான சாம்பாருக்குப் போறாங்க.

இதுக்கும் ஆராய்ச்சி இருக்குதுங்க. 1999ல நியூ மெக்சிகோவுல மில்லர், மேயர்ஸ் குழு 130 குடும்பத்தாரை எடுத்துக்கிட்டாங்க. எல்லார் வீட்டுலயும் சிகிச்சைக்கு வர மறுக்கிற ஒருத்தர். மூணு விதமா பழக்கினாங்க. ஒண்ணு, குடும்பம் மொத்தமா உக்காந்து எதிர்ல வெச்சுக் கேள்வி கேக்கறது. 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தாங்க. ரெண்டாவது, அல்-அனான்னு குடிக்கறவங்க வீட்டாருக்குன்னே நடக்கற கூட்டத்துப் பக்கம் அனுப்பறது, 13 சதவீதம். மூணாவது கிராஃப்ட்னு ஒரு முறை, 64 சதவீதம்.

அதுல என்ன சொல்லிக் குடுக்கறாங்கன்னா, போதையில இருக்கறப்ப வாக்குவாதம் வேண்டாம். குடிக்காம இருக்கற நேரத்துல நல்லாப் பேசுங்க, பிடிச்சதைச் சமைச்சுப் போடுங்க, கூட உக்காருங்க. குடிச்சா எந்திரிச்சுப் போயிடுங்க. வாந்தியைக் கழுவி, கடனை அடைச்சு, முதலாளிகிட்ட பொய் சொல்லி அவரைக் காப்பாத்தாதீங்க. அவரே பயந்து போயி ஏதாவது சொல்ற நேரம் ஒண்ணு வரும். அதுக்குக் காத்திருந்து, அந்த நேரத்துல மட்டும் "வா போலாம்"னு கேளுங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போற மாதிரி இடத்தை முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோணும். அடிதடி வர்ற வீடுன்னா உங்க பத்திரம்தான் முதல்ல, அதையும் அந்தப் பயிற்சியிலயே சேர்த்திருக்காங்க.

சென்னை இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையில ஆரம்பத்துல இருந்தே குடும்பத்தையும் சேர்த்துத்தான் பார்க்கறாங்க. அதைத் தொடங்கின சாந்தி ரங்கநாதன் அம்மாவே கணவரைக் குடியில பறிகொடுத்தவங்க.

தெளிந்தவன்:
அல்-அனானுக்கு 13ன்னு போட்டு சிரிக்காதீங்க சார். குடிக்கிறவனைக் கூட்டிட்டு வர்றது அல்-அனானோட வேலையே இல்ல. அவன் குடிச்சாலும் குடிக்காட்டியும் வீட்டுல இருக்கிறவங்க மூச்சு விடணும், அதுக்குத்தான் அது. என் வீட்டம்மாவைக் கேளுங்க.

ஆலோசகர்_சேலம்:
சிரிக்கலீங்க. அதே ஆய்வுல அதுவும் வந்திருக்குது. குடும்பத்தாரோட மனச்சோர்வு, கோபம் மூணு பிரிவுலயும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்குது.

எண்ணும்_எழுத்தும்:
கேட்டதற்கு மேலே ஒரு தகவல். கோவாவில் சங்கத் அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய சோதனை 2017இல் வந்தது. மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, ஆளுக்கு அதிகபட்சம் நான்கு அமர்வு பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 26. இந்த நாட்டுக்குப் பொருந்துகிற ஆராய்ச்சி என்றால் இதுதான் என்பேன். ஆனால் அது கை நடுங்கும் நிலைக்குப் போகாதவர்களுக்கு. டீச்சர் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பேச்சு மட்டும் போதாது.

எடை குறைக்கிற ஊசி செமாக்ளூடைடு குடியையும் குறைக்கிறதென்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2025இல் வந்த அந்தச் சோதனையில் இருந்ததே 48 பேர், 9 வாரம். ஆசை குறைந்தது நிஜம். ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள்.

வடசென்னை_வாசு:
சார் நடுவுல பூந்துக்கறேன். நம்ம பிரெண்டு ஒருத்தன், வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி ஏத்திக்கறான். வீட்ல இதே மாதிரி ஒரு மையத்துல போட்டு க்ளீன் பண்ணி இட்டாந்தாங்க. இப்ப நல்லாருக்கான். இனிமே பிரச்சினை இல்லதானே?

மனநலம்_மதுரை:
வாசு, இப்போதுதான் ஆபத்து அதிகம். உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய ஞாபகத்தில் அதே அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். லண்டனில் இப்படிச் சிகிச்சைக்கு வந்த 137 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003இல் வந்தது. ஓராண்டுக்குள் அளவு மீறி இறந்தவர் மூவர். மூவருமே சுத்தப்படுத்தும் சிகிச்சையை முழுதாக முடித்து வெளியே வந்தவர்கள்! பாதியில் ஓடிப்போனவர்களில் அப்படி யாரும் இறக்கவில்லை.

ஆகவே ஓபியாய்டு எனும் அபின் வகைப் போதைக்குச் சுத்தப்படுத்தி அனுப்புவதோடு முடிக்கக் கூடாது. நாக்கின் அடியில் வைக்கும் பூப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து கொடுப்பது உயிரைக் காக்கும் சிகிச்சை. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பில், அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4 சாவு, நிறுத்தியவர்களில் 9க்கு மேல். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று வீட்டில் கேட்பார்கள். மூச்சு இருந்தால்தான் மற்றதெல்லாம் என்று சொல்லுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும், 2018 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். விடாத காய்ச்சல் என்றால் இருதய வால்வில் கிருமி போயிருக்கலாம். அன்றே மருத்துவமனை.

நெறியாளர்:
வாசு, இதற்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே வாருங்கள். மற்றவர்கள் கவனத்துக்கு: மையங்களின் பெயர் போட்டுத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பொடி விற்கும் எண்ணைப் போட்ட உறுப்பினர் நிரந்தரமாகத் தடை.

வார்டு_அக்கா:
எல்லாரும் குடியைப் பத்தியே பேசுறோம், பீடியை யாரும் கேக்கலயே. அமெரிக்காவுல மின்னசோட்டா பக்கம் குடி, போதை சிகிச்சை முடிஞ்சு போன 845 பேரைப் பின்னாடி தேடிப் பார்த்தாங்க, 1996ல வந்தது. செத்தவங்கள்ல பாதிப்பேர் புகையிலை நோயால, மூணுல ஒருத்தர்தான் குடி நோயால. குடியை நிறுத்துனவரு "இதாவது இருக்கட்டும்"னு பீடியைக் கட்டிக்கிட்டு அழுவாரு, நாமளும் பாவம்னு விட்டுடுவோம்.

அப்புறம் டிபி. ஒரு நாளைக்கு 40 கிராம் ஆல்கஹாலுக்கு மேல போனா டிபி வர்ற ஆபத்து மூணு மடங்கு. நம்ம கடை குவார்ட்டர் 180 மில்லியில 42.8 சதவீதம், கணக்குப் போட்டா 60 கிராம் வருது. டீச்சரம்மா நீங்களே போட்டுப் பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி குடுக்கச் சொல்லுங்க. டிபி மாத்திரையில இருக்கிற ஐசோனியாசிட்டோட டைசல்ஃபிராமும் சேராது, அதையும் டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

காவிரிக்கரை:
60.8 வருது அக்கா, போட்டுப் பார்த்தேன்.

கொஞ்ச நாளா எட்டிப் பார்க்க முடியல. பொடி வாங்கல. சேலத்துக்காரர் சொன்ன மாதிரி சும்மா இருந்தேன், அதுதான் ரொம்ப கஷ்டம். தம்பி பொண்டாட்டி வாந்தியைக் கழுவ மாட்டேன்னு ஒரு நாள் அப்படியே விட்டுட்டா, மறுநாள் அவனே கழுவினான். அம்மா என்னைத்தான் திட்டுனாங்க.

அப்புறம் ஒரு நாள் காலையில காலைத் தூக்கி எங்கிட்ட காட்டுறான். பட்டறையில தீப்பொறி செருப்புக்குள்ள விழுந்து பாதத்துல காசு அளவுக்குக் கொப்பளம், சீழ் வெச்சிருக்கு. "அக்கா, எனக்கு உறைக்கவே இல்ல"ன்னான். குரல்ல பயம். நான் குடியைப் பத்தி வாயே திறக்கல. காலைக் காட்டலாம் வாடான்னேன், வந்துட்டான்.

மெடிக்கல் காலேஜ்ல காலைப் பார்த்துட்டு சர்க்கரை டெஸ்ட் எடுத்தாங்க, சர்க்கரை இல்ல. குடியால நரம்பு செத்திருக்குன்னாங்க. அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்பி சேர்த்துட்டாங்க. அக்கா சொன்னபடி பி1 கேட்டேன், நர்ஸ் முறைச்சுட்டு "முதல் ஊசியே அதாம்மா"ன்னாங்க. இந்தத் தடவையும் நடுக்கம் வந்துச்சு, ஆனா பூச்சி வரல.

கல்லீரல் என்சைம் ரொம்ப ஏறியிருக்காம். டைசல்ஃபிராம் இப்ப வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லி அகாம்ப்ரோசேட் எழுதியிருக்காங்க. கையில குடுக்கறது பொண்டாட்டி வேண்டாம், அம்மாதான்னு அவனே சொன்னான். ஏஏ கூட்டத்துக்குக் கேட்டேன், அங்க தெரிஞ்சவன் எவனாவது இருப்பான்னு மறுத்துட்டான். பார்ப்போம்.

இப்ப பிரச்சினை என்னன்னா, பெரிய மாத்திரை, ஒரு வேளைக்கு ரெண்டு, மூணு வேளை. காலையும் ராத்திரியும் அம்மா பார்த்துக்கிறாங்க. மத்தியானம் பட்டறையில இருக்கான், போடுறதே இல்ல. பொடிச்சு மோர்ல கலக்கித் தரவான்னு அம்மா கேக்குறாங்க, அவனுக்குத் தெரிஞ்சுதான்!

தெளிந்தவன்:
தெரிஞ்சவன் இருந்தா அவனும் குடிகாரன்தானே, அவனுக்கு என்ன வெட்கம்னு சொல்லுங்க டீச்சர். மறுத்தா விட்டுடுங்க. நானும் முதல்ல ரொம்ப நாள் கூட்டத்துக்கு வெளியில டீக்கடையிலதான் நின்னேன்.

மருந்துக்கடை_நெல்லை:
பொடிக்கக் கூடாது அக்கா. குடல்ல போயி கரையிற மாதிரி மேல பூச்சு பூசின மாத்திரை அது, பொடிச்சா பூச்சு போயிரும். முழுசாத்தான் முழுங்கணும். மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ் மூடியிலயே ஒட்டி வைங்க, சாப்பிடத் திறக்கும்போது கண்ணுல படும். வயிறு கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம்.

தம்பி எடை எவ்வளவு?

காவிரிக்கரை:
சேர்க்கும்போது 54 இருந்தான்.

மருந்துக்கடை_நெல்லை:
60 கிலோவுக்குக் கீழ இருந்தா நாளைக்கு ஆறுக்குப் பதிலா நாலு போதும்னு ஒரு அளவு இருக்கு. காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்களா குறைக்காதீங்க. அடுத்த தடவை போகும்போது எடையைச் சொல்லி, கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் காட்டி, டாக்டர்கிட்ட கேளுங்க. மத்தியான மாத்திரை போடலைன்னும் மறைக்காம சொல்லிருங்க. இல்லேன்னா மருந்து பிடிக்கலைன்னு அவரு வேற மாத்திருவாரு.

காவிரிக்கரை:
வியாழக்கிழமை ஓபி. சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன்.